பூத்தால் போதுமா, செடி நிற்க வேண்டாமா?
செண்டுமல்லி பயிரிடுவோர் சிந்தனைக்கு

ஆயுத பூசை வந்துவிட்டால் சென்னையில் செண்டுமல்லி இல்லாத வீதி கிடையாது. பேருந்தின் முகப்பு, பட்டறை வாசல், அரிசி ஆலை, அலுவலக நாற்காலி எல்லாவற்றிலும் அதன் மஞ்சளும் ஆரஞ்சும்தான். ஒரு காலத்தில் இந்தப் பூவெல்லாம் பூக்கடைப் பகுதியின் பத்ரியன் தெருவில் வந்து இறங்கியது. 1996ஆம் ஆண்டுக்குப் பின் மொத்த வியாபாரம் கோயம்பேட்டில் நடக்கிறது. ஓசூர், தருமபுரி, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் என்று தொலைவிலுள்ள ஊர்களில் செண்டுமல்லி பெருமளவில் விளைகிறது. அங்கெல்லாம் இரவோடு இரவாக லாரி ஏற்றுகிறார்கள். பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், வேங்கைவாசல் பகுதிகளில் இன்னும் மண்வெட்டியைக் கீழே வைக்காத சிறு விவசாயிகளுக்கோ கோயம்பேடு பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி கடைத்தெருக்கள் அதைவிடப் பக்கம். காலையில் பறித்த பூவை வெயில் ஏறுமுன் விற்றுவிடலாம். 10 சென்ட், 20 சென்ட் நிலத்தை வைத்துக்கொண்டு கைக்குக் காசு பார்க்க இதைவிடப் பொருத்தமான பயிர்கள் குறைவு.

இருந்தும் இந்தப் பகுதியில் செண்டுமல்லி வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். காரணம் விதையும் அன்று, உரமும் அன்று. உயர வளரும் செடியை மழைக்காலத்தில் சாயாமல் நிறுத்தும் வேலையை நாம் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. இதுவே என் கருத்து. இந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் அம்மையார் கேட்ட கேள்வி

2021ஆம் ஆண்டு. பெரும்பாக்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அறுபது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர் 15 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வீரிய ஒட்டுச் செண்டுமல்லி நட்டிருந்தார். நாற்று முதல் நுனி கிள்ளுதல் வரை நான் சொன்னபடியே செய்தார். அந்த ஆண்டு ஆயுத பூசை அக்டோபர் 14ஆம் தேதி வந்தது. முதல் பறிப்புகள் நல்ல விலைக்குப் போயின. தீபாவளி நவம்பர் 4. அதற்கும் பறித்தார். நவம்பர் 19ஆம் தேதி கார்த்திகை தீபம் இருக்கிறதே, அதையும் பார்த்துவிடலாம் என்று செடிகளை விட்டு வைத்தார். இடுப்பு உயரம் வளர்ந்த செடிகள். ஒவ்வொன்றிலும் இருபது, முப்பது மொட்டுகள்.

நவம்பர் 6ஆம் தேதி இரவு தொடங்கிய மழை சென்னையை மூழ்கடித்தது. 11ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. நான் போய்ப் பார்த்தபோது செடிகள் பாய் விரித்தாற்போல ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. பூக்கள் சேற்றில் முகம் புதைத்திருந்தன.

“ஐயா, நீங்க சொன்ன உரமெல்லாம் போட்டேன். நுனியும் கிள்ளினேன். பூவும் வந்துச்சு. செடி நிக்கலையே, அதுக்கு ஒண்ணும் சொல்லலையே நீங்க?” என்று அந்த அம்மையார் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இடைவெளி, உரம், பூச்சி, நோய் எல்லாவற்றையும் அளவோடு சொன்ன நான், முட்டுக் கொடுப்பதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மேட்டுப்பாங்கான மேற்கு மாவட்டங்களில் அது இல்லாமலே ஒப்பேறிவிடுவதால் இங்கும் அப்படியே ஆகும் என்று இருந்துவிட்டேன். அந்த வரியைத்தான் இப்போது விரித்து எழுதுகிறேன்.

செடி ஏன் சாய்கிறது?

செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. துலுக்கச் சாமந்தி என்று நாமும், ஆப்பிரிக்கச் சாமந்தி என்று வெள்ளைக்காரரும் பெயர் வைத்தாலும் அது துருக்கியிலும் பிறக்கவில்லை, ஆப்பிரிக்காவிலும் பிறக்கவில்லை. பகல் குறுகிய நாட்களில் விரைந்து பூப்பது இதன் இயல்பு. பகல் நீண்டால் பூப்பதைத் தள்ளிப்போட்டு உயரத்தில் வளரும்.

சென்னையில் ஆனி மாதத்தில் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். மார்கழியில் 11 மணி 20 நிமிடம். ஆகவே ஆயுத பூசைக்கென்று ஆனியில் விதைத்து ஆடியில் நடும் பயிர், தை மாதம் நடும் பயிரைவிட ஓங்கி வளர்கிறது. மழையும் காற்றும் வரும் பருவத்தில் நிற்கும் பயிரே மிக உயரமான பயிராகவும் அமைந்துவிடுகிறது.

மூன்று காரணங்கள் இதோடு சேர்கின்றன. முதலாவது, செடியின் கனமெல்லாம் உச்சியில் இருக்கிறது. அடுக்கடுக்கான இதழ்களையுடைய பூ மழைநீரைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது, வேர் ஆழமாகப் போவதில்லை. நாற்றுப் பிடுங்கி நட்ட செடியில் ஆணிவேர் அறுந்து பக்க வேர்களே பரவியிருக்கும். மூன்றாவது, பக்கக் கிளைகள் தண்டோடு சேரும் இடம் எளிதில் முறியும். செடி சாயாவிட்டாலும் கிளை பிளந்து தொங்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் இந்தக் கடற்கரை வட்டாரத்தில் செண்டுமல்லிக்கு ஆடிக் காற்றினால் பெரிய தீங்கு இல்லை, ஏனென்றால் ஆடியில் அது சிறு செடி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மண் ஊறிக் குழைந்திருக்கும்போது வரும் வடகிழக்குக் காற்றே எதிரி. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

பெரும்பாக்கம் ஏரியின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. வழி குறுகல். கனமழையில் சதுப்பு நிரம்பிவிட்டால் மேலிருந்து வரும் நீர் போக இடமின்றித் தேங்கும். 2015 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இந்தப் பகுதி நீரில் நின்றது.

எனவே மழைக்காலப் பயிர் வைக்க நினைப்பவர் தம் நிலம் இந்த இரண்டு ஆண்டுகளிலும் எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்ற நிலமானால் அங்கே ஆயுத பூசைப் பட்டத்துச் செண்டுமல்லி வேண்டாம். வேர் அழுகிப் போன செடியை எந்தக் கழியும் காப்பாற்றாது. அந்த நிலத்தைத் தைப் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை பேசும்போதே அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. சதுப்பு நிலத்தை ஒட்டிய சில கிணறுகளில் நீர் உப்பாகவும் இருப்பதால் மண்ணோடு தண்ணீரையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பட்டம் குறிப்பது எப்படி?

விதைத்து 30 நாளில் நாற்று நடவுக்கு வரும். நட்டு 60 நாளில் பூக்கத் தொடங்கும். நுனி கிள்ளினால் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பூப்பு தள்ளிப்போகும். ஆக, பண்டிகை நாளிலிருந்து 100 நாள் பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறிக்க வேண்டும். “ஆடி பிறந்ததும் நாற்று விடுவோம்” என்ற வழக்கம் எல்லா ஆண்டுக்கும் பொருந்தாது. 2023இல் ஆயுத பூசை அக்டோபர் 23. 2025இல் அக்டோபர் 1. முன்னதற்கு ஜூலை நடுவில் விதைத்திருக்க வேண்டும். பின்னதற்கு ஜூன் 23 வாக்கில். மூன்று வாரம் பிசகினால் பண்டிகை முடிந்தபின் பூ வரும். அப்போது விலை இறங்கியிருக்கும், மழையும் நெருங்கியிருக்கும்.

பண்டிகை முன்னதாக வரும் ஆண்டு இந்த வட்டாரத்துக்கு நல்ல ஆண்டு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். அதற்குள் பறிப்பில் ஒரு பகுதியை முடித்துவிடலாம். பண்டிகை பிந்தி வரும் ஆண்டில் பரப்பைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

என்னைக் கேட்டால், பெரும்பாக்கம் வட்டாரத்தின் முதன்மைப் பட்டம் தைப் பட்டம்தான். கார்த்திகைக் கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டுத் தை பிறந்ததும் நட்டால், மார்ச் பின்பாதியில் பூ வரும். பங்குனி உத்திரம், சித்திரைப் பிறப்பு, கோயில் திருவிழாக்கள், முகூர்த்த நாட்கள் என்று மே நடு வரை தேவை இருக்கும். புயல் பயம் இல்லை. செடியும் அடக்கமாக வளரும். ஆயுத பூசை விலை கிடைக்காது என்பது உண்மை. ஆனால் கிடைக்கும் விலை கைக்கு வரும். 20 சென்ட் உள்ளவர் தையில் முழுவதையும், ஆடியில் பாதியை மட்டும் நடலாம். ஆடியில் நடும் பாதியையும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக நட்டால் ஒரே மழையில் எல்லாம் போகாது.

நாற்றும் நடவும்

10 சென்டுக்கு நாட்டு விதையானால் 60 கிராம் போதும். வீரிய ஒட்டு விதையை எண்ணிக்கையில் வாங்க வேண்டும். பல்கலைக்கழக ரகமான மதுரை 1, புது தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா நாரங்கி, பூசா பசந்தி ஆகியவை சிறு விவசாயிகளுக்கு ஏற்றவை.

மழைக்கால நாற்றங்காலை ஒரு சாண் உயர்த்திப் போட வேண்டும். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி விதைப்பது அதைவிடச் சிறந்தது. அப்படி வளர்த்த நாற்று 25 நாளில் தயாராகும். வேர் அறாமல் மண்ணோடு பெயர்ந்து வருவதால் நட்ட செடி விரைவில் ஊன்றிக்கொள்ளும். செடி சாயாமலிருப்பதற்கான முதற்படி இங்கேயே தொடங்குகிறது.

பொதுப் பரிந்துரை 45 செ.மீ.க்கு 35 செ.மீ. இடைவெளி. மழைக்காலப் பயிருக்கு நான் இணை வரிசை முறையைச் சொல்வேன். இரண்டு வரிசைகளுக்கு நடுவே 45 செ.மீ., அடுத்த இணைக்கு முன் 75 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. விட்டு நட்டால் 10 சென்டுக்கு 1,500 செடி பிடிக்கும். நெருக்கி நட்டால் 2,500 செடி வரை வைக்கலாமே என்று தோன்றும். நெருங்கிய செடி வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஒல்லியாக ஓங்கும். ஒல்லிச் செடிதான் முதலில் விழும். அகன்ற 75 செ.மீ. இடைவெளியை வாய்க்காலாக ஆழப்படுத்தி, வயலின் தாழ்ந்த மூலையில் வெளியே திறந்துவிட வேண்டும்.

நாற்றை நாற்றங்காலில் இருந்ததைவிட இரண்டு விரற்கடை ஆழமாக நடுங்கள். மண்ணுக்குள் போன தண்டிலிருந்தும் வேர் விடும்.

உரத்தில் அடக்கம் தேவை

10 சென்டுக்கு ஒரு டன் மக்கிய தொழு உரம் இட்டு உழ வேண்டும். அடியுரமாக யூரியா 4 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 23 கிலோ, பொட்டாஷ் 5 கிலோ போதும். நட்ட 45ஆம் நாள் மேலுரமாக யூரியா 4 கிலோ இட்டு மண் அணைக்க வேண்டும்.

இதற்குமேல் யூரியா வேண்டாம். செடி கருகருவென்று தழைத்தால் மனம் குளிரும். ஆனால் அது நீர்த்த தழை. தண்டு மெத்தென்று இருக்கும், பூ தாமதமாகும், முதல் காற்றில் முறியும். மழை வரப்போகிறது என்று வானொலி சொன்னபின் மேலுரம் இடுவது காசைக் கரைப்பதாகும்.

நுனி கிள்ளுதல்

நட்ட 30ஆம் நாள் நடுத்தண்டின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். உச்சிக்குப் போகும் சத்து பக்கக் கிளைகளுக்குத் திரும்பும். செடி உயரம் குறைந்து குடைபோல் விரியும், பூ எண்ணிக்கை கூடும். மொட்டு வந்தபின் கிள்ளினால் முதல் பறிப்பு போய்விடும். ஆகவே நாள் தவறக் கூடாது. காலை வெயிலில் கிள்ளுவது நல்லது, காயம் விரைவில் ஆறும். மழைத் தூறலில் கிள்ளினால் அழுகல் உள்ளே புகும்.

முட்டுக் கொடுத்தல்

நுனி கிள்ளும் அதே வாரத்தில் முட்டுக் கொடுக்கும் வேலையையும் முடித்துவிட வேண்டும். செடி சாய்ந்தபின் கழி தேடுவது வீடு பற்றியபின் கிணறு தோண்டுவதாகும். பூத்த செடிகளுக்கிடையே கழி ஊன்றினால் பரவிய வேரும் அறும், கிளையும் முறியும்.

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. கட்டைவிரல் பருமனில் நான்கடி நீளக் கழிகள் வேண்டும். இணை வரிசையின் இரு புறமும் 3 மீட்டருக்கு ஒன்றாக, ஓரடி மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒரு சுற்றுச் சணல் கயிறு. செடி வளர்ந்தபின் 60 செ.மீ. உயரத்தில் இன்னொரு சுற்று. இரு புறக் கயிறுகளுக்கும் குறுக்கே 3 மீட்டருக்கு ஓர் இணைப்பு. செடிகள் இரு கயிறுகளுக்கு நடுவே தொட்டிலில் நிற்பதுபோல நிற்கும். ஒவ்வொரு செடியையும் தனித்தனியே கட்ட வேண்டியதில்லை. கயிறு செடியை இறுக்கவும் கூடாது. சிறிது ஆட இடம் இருந்தால் தண்டு உரம் பெறும்.

10 சென்டுக்கு ஏறத்தாழ 225 கழியும் 1,400 மீட்டர் கயிறும் பிடிக்கும். கழிகளை வேலை முடிந்ததும் பிடுங்கி, உலர்த்தி, நிழலில் அடுக்கி வைத்தால் இரண்டு மூன்று பட்டத்துக்கு வரும். கயிறு மட்டும் புதிது.

இந்தச் செலவைக் கேட்டதும் பலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரகப் பயிரில் எக்டருக்கு 18 டன் பூ எதிர்பார்க்கலாம். 10 சென்டுக்கு அது 700 கிலோவுக்குச் சற்று மேல். மூன்று நாளுக்கொரு பறிப்பாக இரண்டு மாதத்தில் 20 பறிப்பு என்றால், பறிப்புக்குச் சராசரி 35 கிலோ. செடி சாய்ந்து கடைசி எட்டுப் பறிப்பு போனால் 280 கிலோ போய்விடும். அந்த 280 கிலோவுக்கு உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் விலையையும், கழி, கயிறு, கூலிச் செலவையும் நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எது பெரிது என்பது தெரிந்துவிடும்.

முழுவதும் செய்ய முடியாதவர்கள் இரண்டு சிறு வேலைகளையாவது செய்யலாம். ஒன்று, 45ஆம் நாள் மேலுரத்தோடு தண்டைச் சுற்றி அரையடி உயரத்துக்கு மண் அணைப்பது. மற்றொன்று, வடக்கு, கிழக்கு வரப்புகளில் நடவுக்கு முன்பே சோளத்தையோ அகத்தியையோ இரண்டு வரிசை நெருக்கி விதைத்துக் காற்றுத் தடுப்பு அமைப்பது. இவை முட்டுக்கு ஈடாகா. ஆனால் சேதத்தைக் குறைக்கும்.

பறிப்பும் பராமரிப்பும்

தண்ணீரை வேரில் மட்டும் விட வேண்டும். பூவின் மேல் தெளித்தால் கனம் கூடும், இதழ் கறுக்கும். பறிப்புக்கு முதல் நாள் பாசனம் செய்தால் பூ வாடாமலிருக்கும். நன்றாக விரிந்த பூவை அதிகாலையில் காம்போடு கிள்ளிப் பறிக்க வேண்டும். பறிக்காமல் விட்ட பூவுக்குத்தான் செடி சத்தைக் கொட்டும், அடுத்த மொட்டுகள் சிறுக்கும். நனைந்த பூவைச் சாக்கில் அழுத்தி அடைத்தால் சூடேறி அழுகும். நிழலில் மெல்லப் பரப்பி ஈரம் வடிந்தபின் கூடையில் போடுங்கள்.

மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோயும் வேரழுகலும் வரும். விதைக்கும்போதே கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும், வயலில் நீர் தேங்காமல் பார்ப்பதும் மருந்தைவிட மேல். தைப் பட்டத்தில் வெயில் ஏற ஏறச் செஞ்சிலந்திப் பேன் வரும். இலையின் அடிப்புறத்தை வாரம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, தொடக்கத்திலேயே லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகத் தூளைக் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பெரிய மழை வரும் என்று வானிலை அறிவிப்பு வந்தால், விரிந்த பூவையும் பாதி விரிந்த பூவையும் சேர்த்துப் பறித்து விற்றுவிடுங்கள். உச்சிக் கனம் குறைந்தால் செடி தப்பும். அடுத்த பண்டிகைக்கு நல்ல விலை வரும் என்று செடியில் விட்டு வைப்பது, வாசலில் நெல்லைக் காயவைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது போலத்தான். அந்த அம்மையாரின் 15 சென்டில் நடந்தது அதுவே.

கொல்லையிலும் வாசலிலும்

நிலமில்லாதவர்கள்கூடக் கொல்லையில் பத்துச் செடி வைக்கலாம். கோழிக்கொண்டை, சூரியகாந்தி, வாடாமல்லி ஆகியவையும் இங்கே நன்றாக வரும் ஒரு பருவப் பூச்செடிகளே. சூரியகாந்தியைப் பிடுங்கி நடக் கூடாது. நேரடியாக விதைத்தால்தான் ஆணிவேர் ஆழ இறங்கி நிற்கும். கோழிக்கொண்டை ஒற்றைக் கொண்டையில் கனம் தாங்குவதால் செடிக்கு ஒரு குச்சி ஊன்றிக் கட்டுவது அவசியம். கட்டும்போது கயிற்றை எட்டு வடிவில், குச்சியில் ஒரு வளையம் தண்டில் ஒரு வளையமாகப் போட்டால் தண்டு அறுபடாது. வாடாமல்லி அவ்வளவு உயரம் போவதில்லை, பூவும் எளிதில் வாடுவதில்லை. கதம்பம் கட்டுவோருக்கு எப்போதும் தேவைப்படும் பூ அது. மழைக்காலத்தில் துணிந்து ஒன்று வைக்க வேண்டுமென்றால் வாடாமல்லியை வையுங்கள் என்பேன்.

தக்காளி, கத்தரி பயிரிடுவோர்க்கும் செண்டுமல்லி உதவும். தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் தாய்ப் பூச்சி அதன் மொட்டில் முட்டையிடும். இதற்கு 45 நாள் வயதான செண்டுமல்லி நாற்றை 25 நாள் தக்காளி நாற்றோடு சேர்த்து நட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் பயன். இதன் வேரிலிருந்து கசியும் பொருள் மண்ணிலுள்ள நூற்புழுக்களையும் அடக்குகிறது. அதனால் பறிப்பு முடிந்த செடியை வயலுக்கு வெளியே வீசாமல், நோயற்றதாயின் மடக்கி உழுவது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

பந்தல் காய்கறிக்குக் கல்லும் கம்பியும் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கொடி தானாக நிற்காது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. செண்டுமல்லி வெயில் நாளில் தானாக நிற்பதால் நாம் ஏமாந்துவிடுகிறோம். எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் இடைவெளியையும் உரத்தையும் சொல்லும்போதே முட்டுக் கழிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் ஒரே குறிப்பைப் படித்துவிட்டு வருவதையும் விட வேண்டும்.

விவசாயிகள் தம் பங்குக்கு ஐந்தாறு பேராகச் சேர்ந்து கழிகளைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஆடிப் பட்டத்திலும் மற்றவர் தைப் பட்டத்திலும் பயன்படுத்தினால் செலவு பாதியாகும். நாற்று, மண் பரிசோதனை பற்றிய ஐயங்களுக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

பெரும்பாக்கத்தைச் சுற்றி விளைநிலம் அடுக்குமாடிகளாகிக்கொண்டு வருகிறது. எஞ்சியிருக்கும் 10 சென்டும் 20 சென்டும் பயிரால் பிழைக்குமா, மனைக்கல் நடப்படுமா என்பது அந்த நிலம் ஆண்டுதோறும் தரும் வரும்படியைப் பொறுத்தது. குத்தகைக்காரர் ஒரு மழையில் முதலை இழந்தால் அடுத்த ஆண்டு மண்வெட்டியைத் தூக்க மாட்டார். சொந்தக்காரருக்கும் நிலத்தை விற்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அந்த அம்மையார் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. மறு ஆண்டு தை மாதம் அதே 15 சென்டில் நாற்று நட்டார். ஆடிப் பட்டத்துக்கு 5 சென்ட் மட்டும் வைத்தார். அதற்குக் கழி ஊன்றிக் கயிறு கட்டினார். கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, “இப்ப சொல்லுங்க ஐயா, உரம் எவ்ளோ போடணும்?” என்றார்.

விவசாயப் பெருமக்களும் இந்த வரிசையிலேயே கேட்க வேண்டுகிறேன். முதலில் தண்ணீர் வடியுமா, அடுத்து செடி நிற்குமா, அதன் பிறகே உரமும் மருந்தும்.